முழங்கை நாட்குறிப்பு: ஒரு பூப்பந்து ஆட்டக்காரரின் பதிவுகள்

பிப்ரவரி 3, 2024

பொங்கல் போட்டிகள் முடிந்து நாளாகியும் வலது முழங்கையின் வெளிப்பக்க வலி விடவில்லை. கையைச் சும்மா வைத்திருந்தால் ஒன்றும் தெரிவதில்லை. தோசைக்கல்லைத் தூக்கினாலோ ஈரப் புடவையைப் பிழிந்தாலோ கதவுக் குமிழைத் திருகினாலோ சுருக்கென்று இழுக்கிறது. நேற்று மாலை மட்டையைப் பிடித்துப் பின்கை அடி (பேக்ஹேண்ட்) அடித்தபோது முன்கை முழுவதும் வலி ஓடியது. பிடி தளர்ந்து மட்டை கையிலிருந்து நழுவிவிட்டது.

கம்பளிப் பந்தால் ஆடும் பூப்பந்து (பால் பேட்மிண்டன்) நான் பள்ளிப் பருவத்திலிருந்து ஆடிவரும் விளையாட்டு. தஞ்சை அரண்மனையில் ஆடப்பட்டது என்று எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். இறகுப்பந்து ஆடுகிறவர்களுக்கு எங்கள் கையின் பாடு புரியாது. அவர்களின் இறகு ஏறக்குறைய 5 கிராம்தான். எங்கள் மஞ்சள் கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம். அவர்களின் மட்டை 100 கிராமைத் தொடாது. எங்கள் மட்டையோ 165 கிராமுக்குக் குறையாது. தை மாதப் பனியில் இரவு ஆட்டம் நீண்டால் கம்பளி ஈரத்தைக் குடித்து இன்னும் கனக்கும். அடியின் அதிர்வு மணிக்கட்டில் நிற்பதில்லை, முழங்கை வரை ஏறுகிறது.

பிப்ரவரி 8

கும்பகோணத்தில் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்தேன். என் பழைய மாணவியின் வயதுதான் இருக்கும். அவசரமே இல்லாமல் சோதித்தார். கையை நீட்டி, விரல்களை மடக்கி, மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கச் சொன்னார். அவர் மேலிருந்து அழுத்தினார். வெளிப்பக்க எலும்பு முனையில் வலி வந்தது. பிறகு நடுவிரலை மட்டும் தூக்கச் சொல்லி அழுத்தினார், அதே இடத்தில் வலித்தது. கழுத்தைத் திருப்பியும் சாய்த்தும் பார்த்தார். கழுத்து நரம்பு அழுந்தினாலும் முழங்கையில் வலி தெரியலாமாம். எனக்கு அப்படி இல்லை.

"இதைத்தான் டென்னிஸ் எல்போ என்பார்கள் டீச்சர். ஆனால் இதோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை" என்றார். தச்சர்கள், வண்ணம் அடிப்பவர்கள், நாள் முழுக்கத் தேங்காய் துருவுகிறவர்கள் எல்லாரும் வருகிறார்களாம். நடுத்தர வயதில்தான் அதிகம்.

அவர் விளக்கிய ஒரு விஷயம் என் மனத்தில் ஆழமாக இறங்கியது. எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது விரல்களை மடக்கும் தசைகள் மணிக்கட்டையும் சேர்த்து உள்ளே இழுக்கும். மணிக்கட்டு மடங்கிவிடாமல் பின்னால் இழுத்து நிறுத்துவது முன்கையின் மேற்பக்கத் தசைகள். அவற்றில் பெரும்பாலானவை முழங்கையின் வெளிப்பக்கத்து எலும்பு மேட்டில் ஒரு சிறிய தசைநாண் வழியாகப் பற்றி நிற்கின்றன. ஆகவே பிடிக்கிற ஒவ்வொரு பிடியும் அந்தச் சிறிய இடத்தைத்தான் இழுக்கிறது. பாத்திரம் தூக்குவதும் பந்தை அடிப்பதும் அந்தத் தசைநாணுக்கு ஒரே வேலை.

இன்னொன்றும் சொன்னார். இதை வீக்கம், அழற்சி என்று சொல்லிப் பழகிவிட்டோம். நாள்பட்ட நிலையில் அங்கே பெரிதாக அழற்சி இருப்பதில்லை. தசைநாணின் இழைகள் நைந்த கயிறு போல ஒழுங்கு குலைந்து கிடக்கின்றன. வெறும் ஓய்வு கொடுத்தால் வலி குறையும், இழைகள் பலம் பெறா. அளவான சுமையைக் கொடுத்துக் கொடுத்துத்தான் அவற்றைத் தேற்ற வேண்டும்.

பிப்ரவரி 11

பக்கத்துத் தெரு அக்கா வந்திருந்தார். எங்கள் அணியின் முன்னாள் வீராங்கனை. "ஒரு ஊசி போட்டுக்கொள், ஒரே வாரத்தில் களத்தில் நிற்கலாம். எனக்கு அப்படித்தான் சரியானது" என்றார். என் மீதுள்ள அன்பில் சொன்னதுதான். ஸ்டீராய்டு ஊசி முதல் சில வாரங்களில் நன்றாகவே வலியைக் குறைக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆராய்ச்சிகள் ஓராண்டு வரை பார்த்தபோது, ஊசி போட்டவர்களைவிட உடற்பயிற்சி செய்தவர்களும், ஒன்றுமே செய்யாமல் பொறுத்திருந்தவர்களும்கூட நல்ல நிலையில் இருந்தார்கள். ஊசி போட்டவர்களுக்கு வலி திரும்பி வருவதும் அதிகம். அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். "உனக்குப் பொறுமை இருக்கிறது, இருந்துவிட்டுப் போ" என்று சிரித்துவிட்டுப் போனார்.

சுளுக்கு எடுப்பவரிடம் போகச் சொல்லி அத்தையும் ஒரு பக்கம் வற்புறுத்துகிறார். வெதுவெதுப்பான எண்ணெயை மெதுவாகத் தேய்ப்பதில் எனக்குத் தடையில்லை, இதமாகத்தான் இருக்கிறது. கையைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிப்ரவரி 19

பயிற்சி தொடங்கிவிட்டது. முதல் கட்டம் அசையாத பிடிப்பு. முன்கையை மேசை மீது வைத்து, உள்ளங்கை கீழ்நோக்க, மணிக்கட்டை நேராகத் தூக்கி நிறுத்தி, மறு கையால் மேலிருந்து அழுத்த வேண்டும். அசைவு கூடாது. அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடித்து விடுவது, சற்று ஓய்வு, மீண்டும் பிடிப்பது. வலியைத் தணிக்கவும் இதுவே உதவுகிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

வலிக்கு ஓர் அளவுகோல் கொடுத்திருக்கிறார். பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போட்டால், பயிற்சியின்போது மூன்றைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அடுத்த முறை சுமையைக் குறைக்க வேண்டும். நோயாளியே தனக்கு வேண்டிய அளவைத் தீர்மானித்துக்கொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

வீட்டிலும் சில மாற்றங்கள். குடத்தையும் குக்கரையும் உள்ளங்கை மேல்நோக்க, முழங்கையை மடக்கி, உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்குகிறேன். அப்படித் தூக்கும்போது சுமை மேற்பக்கத் தசைகளிலிருந்து உட்பக்கத் தசைகளுக்கு மாறிவிடுகிறது. தேங்காய் துருவும் வேலையை மகன் எடுத்துக்கொண்டான்.

மார்ச் 16

அரைக்கிலோ டம்பெல். மணிக்கட்டை இடது கையின் துணையோடு மேலே கொண்டுபோய், வலது கையால் மட்டும் மிக மெதுவாகக் கீழே இறக்குவது. மனத்துக்குள் நான்கு எண்ணி இறக்குகிறேன். தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும் இந்த இறக்கம்தான் தசைநாணுக்கு நல்ல மருந்து. தேர்வு நேரம், பள்ளியில் மைதான வேலை குறைவு என்பதால் தொடர்ந்து செய்ய முடிகிறது.

தோளுக்கும் முதுகுத் தட்டெலும்பைச் சுற்றிய தசைகளுக்கும் ரப்பர் பட்டையால் பயிற்சி உண்டு. தோள் சோர்ந்தால் அதன் வேலையையும் முழங்கை இழுத்துப் போட்டுக்கொள்ளும். பயிற்சியாளர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. முழங்கை வலிக்கிறது என்றால் முழங்கையை மட்டும் பார்க்கிறோம்.

ஏப்ரல் 21

முன்கைப் பட்டை வாங்கினேன். இதை வலிக்கிற எலும்பின் மீதே கட்டிக்கொள்பவர்களைக் களத்தில் பார்க்கிறேன். அது தவறான இடம். முழங்கை மடிப்பிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசை திரண்ட பகுதியில் கட்ட வேண்டும். அங்கே அழுத்தினால் இழுவை தசைநாணின் வேர் வரை முழுதாகப் போய்ச் சேராது. விரல்கள் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கக் கூடாது. வேலை செய்யும்போது மட்டும் போட்டு, முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

மட்டையையும் பார்த்தேன். பிடியை வழக்கம்போலப் பிடித்தால் மோதிர விரலின் நுனிக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் இடையே மறு கையின் சுட்டுவிரல் நுழையும் அளவு இடம் இருப்பது நல்லது. என் பிடி மெலிதாக இருந்ததால் இன்னொரு சுற்று நாடா சுற்றினேன். மெலிந்த பிடியை இறுக்கித்தான் பிடிக்க முடியும், இறுக்கம் நேராக முழங்கைக்குப் போகும். மட்டை வலையின் நரம்பு விறைப்பையும் சற்றுத் தளர்த்திக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

மே 12

கோடை முகாமில் பெற்றோர் ஒருவர் சச்சின் டெண்டுல்கரின் முழங்கையைப் பற்றிக் கேட்டார். 2004-இல் இந்த வலியால் அவர் பல ஆட்டங்களை இழந்தார். 2005 மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சை. அந்த அக்டோபரில் நாக்பூரில் இலங்கைக்கு எதிராகத் திரும்பி வந்து 93 ஓட்டங்கள் எடுத்தார். டிசம்பரில் டெல்லியில் 35-ஆவது டெஸ்ட் சதம். அவர் கனமான மட்டையை விரும்பியவர் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அந்தப் பெற்றோருக்கு, எல்லாருக்கும் அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும் என்ற பயம் வந்துவிட்டது. அப்படி இல்லை என்று தெளிவாகச் சொன்னேன். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தானாகவோ பயிற்சியாலோ சரியாகிவிடுகிறது. பல மாதங்கள் முறையாகப் பயிற்சி செய்தும் தேறாத சிலருக்குத்தான் கத்தி.

ஜூன் 23

மீண்டும் களம். முதலில் முன்கை அடி (ஃபோர்ஹேண்ட்) மட்டும், காய்ந்த புதுப் பந்தோடு, பாதி வேகத்தில். அதற்கு மறுநாள் ஆடவில்லை. ஒரு வாரம் இப்படிப் போன பிறகு பின்கை அடிகளைச் சேர்த்தேன். முழங்கையை முன்னே நீட்டிக்கொண்டு மணிக்கட்டால் சுண்டும் பின்கை அடிதான் தசைநாணுக்குப் பகை. தோளைத் திருப்பி, உடம்பின் எடையை அடிக்குள் கொண்டுவந்தால் மணிக்கட்டு உறுதியாக நிற்கிறது. அடிக்கும் கணத்தில் மட்டும் பிடியை இறுக்கி, இடையில் தளர்த்திவிடுகிறேன். இது பழகப் பழக வரும்.

வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் தோசைக்கல்லை யோசிக்காமல் தூக்குகிறேன்.

ஜூலை 18

இன்று என் கையைப் பற்றி எழுத மனமில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், குறுவட்டப் போட்டிக்கு ஈட்டி எறிகிறவன், முழங்கையைத் தடவிக்கொண்டு நின்றான். அவனுக்கு வலி உட்பக்கத்தில். "எறியும்போது மட்டும்தான் டீச்சர், ஒன்றும் இல்லை" என்றான். கையை முழுதாக நீட்டச் சொன்னேன், மற்ற கையளவுக்கு நீளவில்லை. உட்பக்க எலும்பு மேட்டைத் தொட்டதும் முகம் சுளித்தான். மோதிர விரலும் சுண்டு விரலும் சில நேரம் மரத்துப்போவதாக மெல்லச் சொன்னான். ஈட்டியை வாங்கி வைத்துவிட்டு அவன் அப்பாவுக்கு போன் செய்தேன்.

வளரும் பிள்ளைகளின் கணக்கே வேறு. பெரியவர்களுக்குத் தசைநாண் நைகிறது. அந்த வயதில் எலும்பு மேட்டுக்குக் கீழே, எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாமல் மென்மையாக இருக்கிறது. எறியும்போது முழங்கையின் உட்பக்கம் பிளப்பதுபோல் இழுபடும், முதலில் விட்டுக்கொடுப்பது அந்தத் தட்டுதான். வலியைப் பொறுத்துக்கொண்டு எறிவது என் வயதுக்காரருக்கு ஓரளவு சரி. பதினான்கு வயதுப் பையனுக்குச் சரியே அல்ல.

ஜூலை 22

எக்ஸ்ரேயில் வளர்ச்சித் தட்டு சற்று விரிந்திருக்கிறது. எலும்புத் துண்டு பிரியவில்லை என்பது பெரிய ஆறுதல். சில வாரங்களுக்கு எறிதல் அறவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குறுவட்டப் போட்டி இந்த ஆண்டு இல்லை. பையன் அழுதான். அவன் அப்பா, "பட்டையைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு எறி எறியக் கூடாதா டீச்சர்?" என்று கேட்டார். கூடாது என்றேன். அவருக்குக் கோபம்தான். சான்றிதழுக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் எத்தனை குடும்பங்கள் நம்பியிருக்கின்றன என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

ஓட்டம், இடுப்பு, கால், வயிற்றுத் தசைப் பயிற்சி எல்லாம் அவனுக்கு உண்டு. ஈட்டியின் வேகம் காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும்தான் பிறக்கிறது. அங்கே பலமில்லாத பையன்கள்தான் கையாலேயே இழுத்து எறிகிறார்கள்.

ஆகஸ்ட் 9

நேற்று நள்ளிரவு பாரிஸ் ஒலிம்பிக்கின் ஈட்டி எறிதல் இறுதிப் போட்டி. காலையில் பிள்ளைகள் தூக்கக் கண்ணோடு வந்தார்கள். நீரஜ் சோப்ரா 89.45 மீட்டர் எறிந்து வெள்ளி. பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர், ஒலிம்பிக் சாதனையோடு தங்கம்.

அந்தப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். நீரஜுக்கு 2019 மே மாதம் வலது முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்த ஆண்டின் உலகப் போட்டியையே விட்டுக்கொடுத்தார். 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார், மறு ஆண்டு டோக்கியோவில் தங்கம். நதீமும் முழங்கை வலியோடு போராடியவர்தான். அவன் கேட்ட முதல் கேள்வி, "அவர் எத்தனை மாதம் எறியாமல் இருந்தார் டீச்சர்?" அவன் சரியான இடத்தில் கேட்டான் என்று எனக்கு மகிழ்ச்சி.

இனி எங்கள் மைதானத்தில் எறிபவர்கள் எல்லாருக்கும் ஒரு நோட்டு. முழு வேகத்தில் எறிந்தவை எத்தனை என்று அவரவரே எழுத வேண்டும். அடுத்தடுத்த நாள்களில் முழு வேக எறிதல் இல்லை. போட்டி நெருங்குகிறது என்று திடீரென எண்ணிக்கையைக் கூட்டுவதும் இல்லை. கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து பந்தெறிகிற பிள்ளைகளுக்கும் இதே விதி.

செப்டம்பர் 15

பையனின் கை முழுதாக நீள்கிறது. தொட்டால் வலியில்லை, மரத்துப்போவதும் நின்றுவிட்டது. மருத்துவரின் அனுமதியோடு டென்னிஸ் பந்தைக் குறுகிய தூரத்துக்கு எறியத் தொடங்கியிருக்கிறான். ஈட்டியைத் தொட இன்னும் நாள் இருக்கிறது. நோட்டில் அவன் கையெழுத்து மிக ஒழுங்காக இருக்கிறது.

நேற்று நான் ஒரு முழு ஆட்டம் ஆடினேன். இன்று காலை கை இலகுவாக இருக்கிறது. டம்பெல் பயிற்சியை வாரத்தில் சில நாள் தொடர்வேன், வலி போனதும் நிறுத்தினால் திரும்பி வருவதுதான் வழக்கம். அணியின் மற்ற மட்டைகளையும் பிடி அளந்து நாடா சுற்ற வேண்டும். மார்கழிக்கு முன்பே புதுப் பந்துகள் வாங்க அக்காவிடம் பணம் கொடுத்திருக்கிறேன். இரவு ஆட்டத்தில் ஈரமான பந்தை மாற்றிக்கொண்டே இருக்க இந்த முறை கூடுதலாகவே வாங்கச் சொன்னேன்.