வேகனில் ப்ளக் பாயின்ட் கிடையாது

சரக்கு வேகனில் மின்சாரமே இல்லை. சக்கர அச்சின் முனையைத் தாங்கும் ஆக்சில் பாக்ஸ் பேரிங் சூடாகிறதா என்று பார்க்க சென்சார் வைத்தால், கரண்டை அங்கேயே தேடிக்கொள்ள வேண்டும்.

ஓடும்போது வரும் அதிர்விலிருந்து எடுக்கலாம்தான். ஆனால் அதிர்ந்தால் மின்சாரம் தரும் பீசோ பட்டை நன்றாக ஆடுவது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும். வேகம் மாறினால் உற்பத்தி படுத்துவிடும். யார்டில் நின்றால் சுத்த பூஜ்யம். அதனால் கூடவே பக்கச் சுவரில் சின்ன சோலார் தகடு. நிலக்கரி வேகன் என்றால் அதைத் துடைக்க ஆள் வேண்டும், அது தனித் தலைவலி.

கணக்கைப் பாருங்கள். சென்சாரின் ரேடியோ ஒருமுறை தகவல் அனுப்ப 3.3 வோல்ட், 40 மில்லி ஆம்பியர், 1.5 விநாடி: சுமார் 0.2 ஜூல். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் 1 ஃபாரட் சூப்பர் கெபாசிட்டர் 5 வோல்ட்டிலிருந்து 2.5க்கு இறங்கினால் 9.4 ஜூல். ஏட்டுக்கணக்கில் 47 தடவை. வோல்டேஜை 3.3க்கு மாற்றும் கன்வெர்ட்டர் தின்பது, தானாகக் கசிவது போக 35 தேறினால் பெரிசு.

சொதப்புவது விடியற்காலையில்தான். வெளிச்சம் வர வர கெபாசிட்டரின் வோல்டேஜ் மெல்ல ஏறி 2.6 தொட்டதும் ரேடியோ விழிக்கும், ஒரே இழுப்பில் 2.5க்குக் கீழே விழும், அணையும், மறுபடி விழிக்கும். சேர்ந்ததெல்லாம் இதிலேயே காலி. 4 வோல்ட்டில் எழுப்பி 2.7இல் தூங்க வையுங்கள். நாணயம் மாதிரித் தட்டையாக வரும் கெபாசிட்டரும் வேண்டாம். பலவற்றில் உள்மின்தடை 10 ஓமுக்கு மேல், ரேடியோ இழுத்ததும் வோல்டேஜ் சட்டென்று விழும்.