லெகோவைக் கலர் வாரியாகப் பிரிக்கும் பாட்டிகள் கவனத்துக்கு

மும்பை மாட்டுங்கா ஃபிளாட் எதிலும் லெகோ மூவாயிரம் பீஸைத் தாண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தே தீரும். காலையில் வீட்டு வேலைக்கு வரும் மௌஷி சோஃபாவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டதில் பாதி தூசி, பாதி லெகோ. பாத்ரூம் போகும் வழியில் தாத்தா மேலே ரெண்டு வரிசையில் ரெண்டு ரெண்டு குமிழ் உள்ள ஒரு ரெண்டுக்கு ரெண்டு கட்டையை மிதித்து, சம்ஸ்கிருதத்தில் இல்லாத ஒரு சுலோகம் சொல்லியாயிற்று. லெகோ செய்யும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் லேசில் நசுங்காது. ஆள் எடை மொத்தமும் நாலு கூர் மூலையில் இறங்கும். விட்டுக்கொடுக்க வேண்டியது பாதம்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் குடும்பமே பிரிக்க உட்காரும். பாட்டி தலைமையில், கலர் வாரியாக.

முடிந்ததும் கொலு வைத்த மாதிரி இருக்கும், சந்தேகமில்லை. சாயங்காலம் பேரன் பீஸ்களைக் கோக்கும் ஒரே ஒரு கறுப்பு பின் கேட்பான். கறுப்பு டப்பாவில் கறுப்பு பிரிக் (உயரக் கட்டை), கறுப்பு பிளேட் (தட்டைக் கட்டை), கறுப்புச் சக்கரம். அடியில் எங்கோ ஒன்றரை சென்டிமீட்டர் நீளக் கறுப்பு பின். சனி பகவானே இறங்கி வந்து தேடினாலும் கிடைக்காது. எல்லா நிறத்திலும் ரெண்டுக்கு நாலு கிடக்கும் டப்பாவில் மஞ்சளைத் தேடிப் பாருங்கள், கை போவதற்கு முன்னால் கண் போய்விடும். ஆகவே உருவம் முதலில். கலர் கடைசியில், அதுவும் ஒரே உருவம் நூற்றுக்கணக்கில் சேர்ந்த பிறகு.

பழைய காட்டன் பெட்ஷீட்டை விரித்து அதன்மேல் கொட்டவும். காபி நேரமானால் நாலு மூலையைச் சேர்த்து மூட்டையாகத் தூக்கி வைத்துவிடலாம். அடுத்து, ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் ஓட்டை உள்ள காய்கறி வடிகூடையில் போட்டுக் குலுக்கவும். குமிழுக்குக் குமிழ் தூரம் 8 மி.மீ. என்பதால் ஒண்ணுக்கு ஒண்ணு, பின், பூ, விளக்கு எல்லாம் கீழே கொட்டிவிடும். கையால் பொறுக்கினால் இடுப்பு போகும் பாகம் இதுதான்.

மேலே தங்கியதை எட்டுக் குவியலாகப் பிரித்தால் போதும்: பிரிக், பிளேட், குமிழ் இல்லாத டைல், சரிவு, சக்கரம், டெக்னிக் (ஓட்டைத் தண்டு, பல்சக்கரம் வகையறா), மனுஷன், இதர. பிரிக் உயரம் 9.6 மி.மீ., பிளேட் 3.2. மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு பிரிக். முதல் நாளே நாற்பது டப்பா வைக்கிறேன் என்று கிளம்பும் அப்பாக்கள் மூன்றாம் டப்பாவில் கிரிக்கெட் பார்க்கப் போய்விடுவார்கள். ஒரு டப்பாவில் வேண்டியது சட்டென்று கிடைக்கவில்லை என்றால் அதை மட்டும் இரண்டாக்குங்கள். பெரும்பாலும் முதலில் பிளப்பது பிளேட்தான்: ஒரு குமிழ் அகலம் தனி, இரண்டு குமிழ் அகலம் தனி. பக்கத்து பில்டிங் பையன் கொண்டுவந்த வேறு கம்பெனிச் சரக்கு கலந்திருந்தால் குமிழைப் பாருங்கள். அசலில் ஒவ்வொரு குமிழ் மேலும் பெயர் பொடி எழுத்தில் இருக்கும்.

கலர் முக்கியம் என்று பாட்டி ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. வழக்கமான கறுப்பு பின் இறுகிப் பிடிக்கும். அதே நீளச் சாம்பல் பின் வழுவழுவென்று சுழலும். இரண்டும் கலந்தால் சக்கரம் சுற்றாது, கிரேன் தலையைத் தொங்கப்போடும். இரண்டையும் தனித்தனி டப்பாவில் வையுங்கள். அஞ்சறைப்பெட்டி இதற்குப் பொருத்தம்போலத் தெரியும். கிண்ணங்களுக்குத் தனி மூடி கிடையாது. ஒருதரம் சாய்த்தால் வேலை முதலிலிருந்து.

ஹோட்டல் பார்சலில் வந்த கண்ணாடிபோன்ற வட்ட டப்பாக்களே போதுமானவை. சாம்பார் வாசனை போகக் கழுவி, மூடியில் பெயருக்குப் பதிலாக அந்த பீஸையே டேப்பில் ஒட்டுங்கள். எழுத்துத் தெரியாத குழந்தையும் சரியாகத் திருப்பிப் போடும். இழுப்பறைப் பெட்டிதான் வேண்டுமென்றால் கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லேமிங்டன் ரோடு. எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் ரெசிஸ்டர் போடும் பெட்டியே லெகோவுக்கும். அங்கே ஸ்லோ லோக்கல் ரயில்தான் நிற்கும். பெட்டியோடு திரும்புவது கூட்ட நேரத்தில் வேண்டாம்.

ஒட்டிக்கொண்ட இரண்டு பிளேட்டைப் பல்லால் கடிக்காதீர்கள், பல் தடம் நிரந்தரம். பெரிய செட்களில் வரும் ஆரஞ்சு நெம்பி இரண்டு வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று மாட்டிக் கைப்பிடிகளைச் சேர்த்து அமுக்கினால் விட்டுவிடும்.

கழுவுவது கையால், 40 டிகிரிக்கு மேல் சூடில்லாத சோப்புத் தண்ணீரில். வாஷிங் மெஷின் கூடாது. மோட்டார், பேட்டரிப் பெட்டி, ஸ்டிக்கர் ஒட்டியதெல்லாம் விலக்கு. வெயிலில் காயவைத்தால் வெள்ளை பழுப்பாகும். ஃபேனுக்கு அடியில் டவல் போதும். ஜூலையில் மறுநாளும் பிரிக்கின் உள்பக்கத்தில் ஈரம் இருக்கும், உதறிவிட்டு மூடவும். அட்டைப்பெட்டிகளை மாளாவில், அதாவது பரணில், அடுக்கினால் மழை முடிவதற்குள் பூஞ்சையும் வெள்ளிப்பூச்சியும் குடியேறும். செட் நம்பரைக் குறித்துக்கொண்டு பெட்டியைக் கழித்துவிடுங்கள். வழிமுறைப் புத்தகம் கம்பெனி தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவது வேண்டாம், மும்பைப் புழுக்கத்தில் உருகி ஒட்டும்.

"இதர" டப்பா எல்லாவற்றையும்விடப் பெரிதாகிவிட்டால், பிரித்தது போதவில்லை என்று அர்த்தம். அதைத் திரும்பவும் பெட்ஷீட்டில் கொட்டுங்கள்.

பிள்ளையார் சதுர்த்திக்குச் சொந்தக்காரக் குழந்தைகள் வருவார்கள். ரெண்டுக்கு நாலு டப்பாவை மட்டும் கூடத்தில் வையுங்கள். பெரிய பீஸ், பத்து நிமிஷத்தில் அள்ளிவிடலாம். மற்றதெல்லாம் திவானுக்குள். பின் டப்பா எங்கே என்று கேட்டால், ஊருக்கு அனுப்பியாச்சு.