ஒரே ஒரு அம்மம்மா

ஜூலை 7, 2025, திங்கள்

அம்மா திருகோணமலைக்கு பஸ் ஏறிவிட்டார். தங்கைக்கு இது பிள்ளைப்பேற்று மாதம். மகள்மார் இரண்டு பேர், அம்மா ஒருவர். இந்தக் கணக்கு ஒருநாள் உதைக்கும் என்று தெரிந்தேதான் இருந்தோம். என் சின்னவளுக்கு ஒன்றரை வயது. ஏணையில் போட்டால் அம்மம்மாவின் தாலாட்டைத் தேடி எழுந்து எழுந்து பார்க்கிறாள். ஒரு கிழமை லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

மட்டக்களப்புப் பக்கம், ஆரையம்பதியில் தொடங்கிக் கல்லடி வரை விசாரித்தாயிற்று. முன்பள்ளிகளுக்குக் குறைவில்லை. ஆனால் மூன்று வயது வேண்டும். பிள்ளைகளை மதியத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் அலுவலகம் எட்டரையிலிருந்து நாலேகால் வரை. நடுவில் பிள்ளை எங்கே இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை, அம்மம்மா இருப்பார் என்ற தைரியம்.

பகல்நேரப் பராமரிப்பு நிலையம் என்ற பெயர்ப்பலகை இரண்டு இடத்தில் கண்டேன். ஒன்றில், மலசலகூடம் போகச் சொல்லத் தெரிந்த பிள்ளைதான் வேண்டுமாம். மற்ற இடத்து ரீச்சர் கொப்பியைத் திறந்து காட்டினார். "பன்னிரண்டு பிள்ளைகள், பார்க்க மூன்று பேர். இதற்கு மேல் எடுத்தால் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது, தங்கச்சி" என்றார். காத்திருப்போர் வரிசையில் சின்னவளின் பெயர் பதினேழாவது. அவர் மீது கோபம் வரவில்லை. முப்பது பிள்ளைகளை ஒரே அறைக்குள் விட்டுக்கொண்டு "இடமிருக்கிறது" என்றிருந்தால்தான் பயந்திருப்பேன்.

ஜூலை 14, திங்கள்

லீவு முடிந்தது. பக்கத்து வீட்டு மாமியிடம் விட்டுவிட்டு வந்தேன். அவருக்கு அறுபத்து மூன்று வயது, முழங்கால் வருத்தம் வேறு. இவளோ கிணற்றடிக்கும் கோழிக்கூட்டுக்கும் ஓடுகிறவள்.

ஹற்றனிலிருந்து மாற்றலாகி வந்த அக்காவிடம் புலம்பினேன். "எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவம் இருந்தது. அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது என்னை அங்கேதான் விடுவார்" என்றார். இப்போது அதைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறார்களாம். தாயின் கை கொழுந்துக்கு வேண்டியிருந்ததால் தோட்டத்துரை மடுவம் கட்டினான், பிள்ளைப் பாசத்தால் அல்ல. ஆனாலும் கட்டினான். எங்கள் ஊர்ப் பெண்ணின் கைக்கு அந்த மதிப்புக்கூட இல்லையா? மட்டக்களப்பில் வீடு மகளுக்குச் சீதனமாக வரும், அம்மாவும் பெரும்பாலும் அந்த வீட்டோடேயே இருப்பார். பெருமையாகச் சொல்லிக்கொள்கிற வழக்கம்தான். அதை நம்பித்தான் எங்கள் பக்கம் மடுவம் கட்ட யாருக்கும் தோன்றவில்லை போலும்.

ஜூலை 18, வெள்ளி

தங்கைக்குப் பெண் பிள்ளை. தாயும் சேயும் சுகம்.

ஜூலை 20, ஞாயிறு

போனில் தங்கை முதலில் பேசியது பால் பற்றி, அடுத்தது லீவு பற்றி. தையல் தொழிற்சாலை வேலை, 84 நாளோடு சரி. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் ஒரு விடயம் இருக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும். வேலைத்தலத்தில் காப்பகம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். தங்கையின் வீட்டுக்கு பஸ்ஸில் ஒரு வழிப் பயணமே முக்கால் மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

"அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா, அக்கா?" என்றாள். 'கொஞ்ச நாள்' என்றால் எத்தனை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அழுவாள், அல்லது நான் அழுவேன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்துக்கு அம்மா இல்லாமல் போன முதல் வருடம். சனத்துக்குள் சின்னவள் வெள்ளைச் சேலை கட்டிய ஒவ்வொரு கிழவியையும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஜூலை 28, திங்கள்

மாமி காசு வாங்க மறுக்கிறார். "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கூலியா?" என்று கோபம். வாங்கினால்தான் எனக்கு நிம்மதி, மாமி. காசு கொடுக்காத இடத்தில், பிந்தி வந்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் முடியும், நாளைக்கும் பார்க்கச் சொல்ல முடியாது. கடைசியில் அரிசியும் மருந்துச் செலவும் என்று இறங்கி வந்தார்.

மாலை ரீச்சருக்குப் போன் எடுத்தேன். இரண்டு பேர் வேறு ஒழுங்கு செய்துகொண்டார்களாம். சின்னவள் இப்போது பதினைந்தாவது.