பகையும் நட்பும் எங்கே உருவாகின்றன?

பன்னாட்டு உறவுகளைப் படிக்கத் தொடங்கிய நாளில், உலக அரசியல் என்பது படைபலத்தின் கணக்கு மட்டுமே என்ற யதார்த்தவாதிகளின் வாதம் எனக்கு மறுக்க முடியாததாகத் தோன்றியது. அந்தக் கணக்கில் விடுபட்டதைப் பிறகு எனக்குக் காட்டியது, நாடுகளின் பகையும் நட்பும் அவை ஒன்றோடொன்று பழகுவதில் உருவாகின்றன என்னும் சமூகக் கட்டுமானவாதம். 1989-இல் அறிஞர் நிக்கோலஸ் ஓனஃப் இப்பெயரை இத்துறைக்குள் கொண்டுவந்தார். 1992-இல் மற்றோர் அறிஞரான அலெக்சாண்டர் வென்ட், நாடுகளுக்கு மேலே ஓர் அரசு இல்லாத நிலை தானாகவே போரை விளைவிப்பதில்லை, அந்நிலைக்குப் பொருள் தருபவை நாடுகளே என்று வாதிட்டார்.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரையும் ஜெர்மனியின் கேல் நகரையும் பிரிக்கும் ரைன் ஆற்றை எண்ணிப் பாருங்கள். 1870, 1914, 1940 என மும்முறை போரில் மோதிக்கொண்ட இரு நாடுகளுக்கும் இடையே இன்று எல்லையாக இருக்கும் அந்த ஆற்றை, 2017 முதல் ஒரு டிராம் வண்டி சாதாரணமாகக் கடந்துபோகிறது. பிரான்சிடம் அணு ஆயுதம் இருக்கிறது, ஜெர்மனியிடம் இல்லை. ஆனாலும் பெர்லினில் யாரும் அதற்காகத் தூக்கம் இழப்பதில்லை. ஆறும் மாறவில்லை, அண்டை நாடும் மாறவில்லை. இரு நாடுகளும் சேர்ந்திருந்த 1951-இன் ஐரோப்பிய நிலக்கரி, எஃகுச் சமூகம் என்ற கூட்டமைப்பில் தொடங்கி, பல பத்தாண்டுகள் கூடிப் பேசிப் பழகியதில் 'நாம் யார், அவர்கள் யார்' என்ற புரிதல்தான் மாறியது.

அமெரிக்கப் படைகளின் காவலும் பொதுவான சோவியத் அச்சமும் இதில் பங்காற்றின என்று யதார்த்தவாதிகள் சொல்வதை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் அந்த அச்சம் 1991-இல் சோவியத் ஒன்றியத்தோடு மறைந்த பின்னும் பழைய பகை ஏன் திரும்பவில்லை என்பதற்கு அவர்களிடம் நிறைவான விடை எனக்குக் கிடைக்கவில்லை. கட்டுமானவாதத்துக்கும் ஒரு குறை உண்டு: அடையாளங்கள் மாறும் என்று சொல்கிறதே ஒழிய, எப்போது மாறும் என்று முன்கூட்டிச் சொல்வதில் அது தடுமாறுகிறது.