ஈ காட்டு கண்ணு

காரியத்துக்குத் தாத்தாவின் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருந்தோம். “பல்லை மட்டும் வெள்ளையாக்கிடட்டுங்களா?” என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். வேண்டாங்க, அப்படியே போடுங்க என்றேன். போன பொங்கலுக்கு நான் போனில் எடுத்த படம் அது. காவி ஏறிய முன்பற்கள் அத்தனையும் தெரிய வாய்விட்டுச் சிரிக்கிறார்.

தருமபுரிக்காரர்களுக்கு அந்தக் காவியை விளக்க வேண்டியதில்லை. பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் நிலத்தடிப் பாறையிலேயே ஃபுளோரைடு இருக்கிறது. அது தண்ணீரில் கரைந்து வரும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது என்பது கணக்கு. பிறந்ததிலிருந்து எட்டு வயதுக்குள் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால், விழுந்து முளைக்கிற பல் கறையோடுதான் முளைக்கும். தேய்த்தால் போகாது. காய்ச்சிக் குடித்தாலும் பயனில்லை, ஃபுளோரைடு தண்ணீரிலேயே தங்கிவிடும்.

தாத்தா பாலக்கோடு பக்கத்தில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். 1963-இல் சேர்ந்து 2000-இல் ஓய்வு பெற்றார். பாட்டு ஒப்பிக்க எழுந்து நிற்கிற பிள்ளை கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கும், பெண் பிள்ளைகள் இன்னும் அதிகம். தாத்தா நாற்காலியை விட்டு எழுந்து வந்து, அந்தப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, தன் பல்லைக் காட்டுவார். “எனக்கும்தான் இருக்குது, பாரு. தண்ணி பண்ணின தப்புக்கு நீ ஏன் வாயை மூடற? சத்தமா சொல்லு.” அப்புறம் கை தானாகக் கீழே இறங்கும். ஒன்றாம் வகுப்பில் பாய்மேல் உட்கார்ந்து நான் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அப்பா அம்மாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, இரண்டு பேருக்கும் ஷிஃப்ட். அதனால் நான் தாத்தா, ஆயாவிடம் வளர்ந்தேன். தாத்தாவின் கடைசி வருஷம்தான் எனக்கு முதல் வருஷம். பள்ளிக்கூடத்தில் அவரைச் சார் என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருநாள் மறந்துபோய்த் தாத்தா என்று கூப்பிட்டுவிட்டேன். வருகைப் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும், சைக்கிள் முன்கம்பியில் துண்டை நாலாக மடித்துப் போட்டு, “ஏறு கண்ணு” என்றார்.

அந்த சைக்கிளைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் இருந்தது போர்த் தண்ணீர். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பங்காளி தோட்டத்தில் கிணறு இருந்தது. தண்ணீரைச் சோதிக்க வந்தவர்கள் அந்தக் கிணற்றுத் தண்ணீர் பரவாயில்லை என்று சொல்லியிருந்தார்கள். தினமும் விடியற்காலையில் கேரியரின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடத்தைப் பழைய டியூப்பால் இறுக்கிக் கட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வருவார். ஒரு குடம் பள்ளிக்கூடத்துப் பானைக்கு, ஒரு குடம் எனக்கு. அவரும் ஆயாவும் போர்த் தண்ணீரையே குடித்தார்கள் என்பது எனக்குக் கல்யாணமான பிறகு ஆயா சொல்லித்தான் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் பள்ளிக்கூடத்துக் குடம் நிற்கவில்லை. இன்று என் பல் வெள்ளையாக இருக்கிறதென்றால் அதற்கு அந்த சைக்கிள்தான் காரணம்.

நான் சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்தபோது தாத்தா மாதம் இரண்டு அஞ்சலட்டை எழுதுவார். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது கரும்பலகையில் உடனே மாறிவிட்டாராம். அட்டையில் மட்டும் கடைசிவரை பழைய ‘லை’தான், யானைத் தும்பிக்கை மாதிரி முன்னால் சுருண்டிருக்கும். இந்தப் போனில் அந்த எழுத்தை அடிக்க வழியில்லை.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. எங்கள் தெருக் குழாயில் காவிரித் தண்ணீர் வந்த அன்று, குழந்தை இருக்கிற வீடுகளுக்கெல்லாம் போய், “சின்னதுக்கு இதை மட்டும் குடு” என்று சொல்லிவிட்டு வந்தார். பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். அவர்களும் “சரிங்க சார்” என்று வகுப்பில் நிற்கிற மாதிரியே எழுந்து நின்றிருக்கிறார்கள்.

என் மகனுக்கு ஆறு வயது. தை மாதம் கீழ்வரிசையில் ஒரு பல் விழுந்தது. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோ காலில் முதல் பேச்சே, “ஈ காட்டு கண்ணு” என்பதுதான். இவன் போனை வாய்க்குள்ளேயே கொண்டுபோய்விடுவான். தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்ப்பார். “இன்னும் காணோமே, அடுத்த வாரம் பார்க்கலாம்.”

மாசியில் தாத்தா போய்விட்டார்.

போன வாரம் பல் எட்டிப் பார்த்தது, அரிசி முனை அளவுக்கு, வெள்ளையாக. ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்துபோய், போனைத் திருப்பிச் சுவரில் இருக்கும் படத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, “நல்லா ஈ காட்டுடா சாமி” என்றார்.