லிங்க் கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தோம்

மனச்சோர்வு நோயாக முற்றுவதற்கு முன்பே தடுக்கும் ஆன்லைன் பயிற்சி ஒன்றை எங்கள் புறநோயாளிப் பிரிவில் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் செவிலியர், கம்ப்யூட்டர் ஆள் இல்லை. ஆறு பாடம், வாரத்துக்கு ஒன்று, வீட்டிலிருந்தே ஃபோனில் செய்யலாம். கியூஆர் கோடு அச்சடித்த சீட்டை டாக்டர் நீட்டினால் வேலை முடிந்தது என்றுதான் கூட்டத்தில் பேசினார்கள். நானும் தலையாட்டினேன்.

முதல் மாதத்திலேயே சீட்டுகள் தீர்ந்துபோயின. சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூன்றாம் பாடம் வரை வந்தவர் ஒரே ஒருவர்.

சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று ஒவ்வொருவரையும் ஃபோனில் அழைத்தேன். "எனக்குப் பைத்தியம்னு டாக்டர் நினைக்கிறாரா?" என்று ஒருவர் கோபப்பட்டார். பாஸ்வேர்டு மறந்தவர்கள் பாதிப் பேர். ஒரு பெண்ணின் ஃபோனுக்கு 'மனச்சோர்வுத் தடுப்பு: உங்கள் 2ஆம் பாடம்' என்று எஸ்எம்எஸ் வந்ததை அவர் கணவர் எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்திருக்கிறார். அன்றோடு அவர் நிறுத்திவிட்டார். இப்போது அந்தச் செய்தியில் 'உங்கள் பாடம் தயார்' என்பது மட்டும்தான் இருக்கிறது.

இதே வகைப் பயிற்சியை வைத்து ஜெர்மனியில் நடந்து 2016இல் வெளியான ஆய்வைத் தேடிப் படித்தேன். அறிகுறிகள் இருந்தும் நோய் என்ற அளவுக்குப் போகாத 406 பேர். பயிற்சி பெற்றவர்களில் ஓராண்டுக்குள் நோய்க்கு ஆளானவர்கள் 27 சதவீதம். படிக்கத் தகவல் மட்டும் பெற்றவர்களில் 41. ஆனால் அங்கே பாடங்களைச் செய்தவர்களுக்கு ஒரு பயிற்சியாளர் பதில் எழுதிக்கொண்டே இருந்தார். ஆள் இல்லை என்று நாங்கள் வெட்டியதே அதைத்தான்.

வாரம் இரண்டு மணி நேரம் வேண்டும் என்று கேட்டேன். "நோயே இல்லாதவருக்குச் செலவழிக்கிற நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?" என்றார் மேற்பார்வையாளர். நியாயமான கேள்விதான். பதிவேட்டில் எல்லாமே நோயின் பெயரை வைத்துத்தான் ஓடுகிறது. நோய் வராமல் பார்த்துக்கொள்வதற்குக் கட்டமே இல்லை. ஒன்றரை மாதம் இழுபறிக்குப் பிறகு, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று தொடர்ந்து வருகிறவர்களின் நேரத்துக்குள் இதையும் நுழைத்தோம்.

அப்புறம்தான் அந்தத் திங்கட்கிழமை.

பயிற்சியில் சேரும்போது பிஹெச்க்யூ-9 என்ற கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 5 முதல் 9 வரை வந்தால் லேசான அறிகுறிகள். அவர்களைப் பயிற்சியில் சேர்ப்போம், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் அனுப்புவோம். ஒருவர் சனிக்கிழமை நள்ளிரவில் வீட்டில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார். மொத்தம் 7. செயலி வாழ்த்துச் சொல்லி முதல் பாடத்தைத் திறந்துவிட்டது. ஆனால் ஒன்பதாம் கேள்விக்கு அவர் போட்டிருந்தது 1. செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றுகிறதா என்று கேட்கும் கேள்வி அது. திங்கள் காலை டீயும் கையுமாக இருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசி நொடியில் எடுத்தார், நல்லவேளை. அன்றே வரவழைத்து டாக்டரைப் பார்க்க வைத்தோம்.

மூன்று வாரம் யாரையும் சேர்க்கவில்லை. செயலியை விற்றவர்கள் எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்ப முடியும் என்றார்கள். சனிக்கிழமை இரவு அதை யார் திறப்பது என்று கேட்டேன், பதில் வரவில்லை. அதனால் கேள்வித்தாளை வீட்டுக்கு அனுப்புவதையே விட்டுவிட்டோம். ரத்த அழுத்தம் பார்க்கும்போதே என் எதிரில் நிரப்புகிறார்கள். ஒன்பதாவதில் 0 தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், டாக்டரைப் பார்க்காமல் வெளியே போக விடுவதில்லை. மற்றவர்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்து முதல் பாடத்தைத் திறந்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். பாஸ்வேர்டு தொல்லையும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு பாடத்துக்குப் பிறகும் நான் ஃபோனில் ஐந்து நிமிடம் பேசுகிறேன். பாதி நேரம் பாடத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

செயலியும் நோயாளிப் பதிவேடும் இன்னும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. அடுத்த அப்டேட்டில் வரும் என்கிறார்கள். அதுவரை வெள்ளிக்கிழமை மதியம் ஒரு திரையைப் பார்த்து இன்னொன்றில் நானே தட்டிக்கொண்டிருக்கிறேன், ஒன்பதாம் கேள்வியை மட்டும் இரண்டு முறை சரிபார்த்து.