அஞ்சல் பெட்டியில் அப்பாவின் பெயர்

விடுமுறைக்கு ஊர் வந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. சாலையோரப் பலகைகள் பெஸ்தாரி ஜெயா என்று புதுப்பெயரைச் சொன்னாலும், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள இந்த ஊர் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். எதிர்வீட்டுத் தங்கை ஒருத்தி பிரான்சில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க இருக்கிறாள். நேற்று மாலை வந்து உட்கார்ந்து, "அக்கா, அங்க போனதும் எதுக்கா ரொம்ப கஷ்டமா இருந்துச்சு? குளிரா, சாப்பாடா?" என்று கேட்டாள். இரண்டும் இல்லை, என் பெயர்தான் என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. அம்மா தேநீரோடு வந்துவிட்டதால் பேச்சும் பாதியில் நின்றுபோனது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் தென்மேற்காக ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போனால் புவாத்தியே என்ற பழைய நகரம் வரும். சென்ற ஆண்டு ஆகஸ்டு இறுதியில், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கப் போய்ச் சேர்ந்தேன். 'லெக்த்ரீஸ்' என்று அந்தப் பதவிக்குப் பெயர். ஓராண்டு ஒப்பந்தம், விரும்பினால் மேலும் ஓராண்டு நீட்டிக்கலாம். மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஆங்கிலத்தில் பேச வைப்பதே வேலை.

மலேசியத் தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பது, அதைக் கேட்கும் ஒரு நாட்டுக்குப் போகும் வரை நமக்கு உறைப்பதில்லை. என் அடையாள அட்டையில் என் பெயர் இருக்கும், அதன்பின் 'ஏ/பி' என்று இரண்டு எழுத்துகள் இருக்கும், அதன்பின் அப்பாவின் பெயர் இருக்கும். 'அனாக் பெரெம்புவான்', அதாவது மகள், என்பதன் சுருக்கம் அது. கடப்பிதழிலும், அதாவது பாஸ்போர்ட்டிலும், இவை மூன்றும் ஒரே தொடராகத்தான் அச்சாகியிருக்கின்றன. பிரான்சிலோ நான் கண்ட படிவமெல்லாம் இரண்டு கட்டங்களோடுதான் தொடங்கின: முதலில் 'நோம்', அது குடும்பப் பெயர், அடுத்தது 'பிரேநோம்', அது நமக்கு இட்ட பெயர். ஓர் அலுவலகம் முழுத்தொடரையும் குடும்பப் பெயராக்கிவிட்டு மற்ற கட்டத்தைக் காலியாக விட்டது. இன்னொன்று 'ஏ/பி' என்பதை என் நடுப்பெயர் என்று எடுத்துக்கொண்டது. மூன்றாவது இடத்தில் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்தார்கள். போகப் போக அதுவே நிலைத்தது.

இதனால் வந்த முதல் இழப்பு அஞ்சல் பெட்டியில்தான். பிரான்சில் அடுக்குமாடி வீடுகளின் வாசலில் வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். அஞ்சல்காரர் பெட்டியின் மேலுள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார், வீட்டு எண் மட்டும் அவருக்குப் போதாது. குடிபோன அன்றே ஒரு சிறு அட்டையில் என் பெயரை அழகாக எழுதி ஒட்டிவிட்டேன். என் பெயரை மட்டும். வங்கியிலிருந்து வரவேண்டிய அட்டைக்காக மூன்று வாரம் காத்திருந்து, நேரில் போய்க் கேட்டபோது, அது இரண்டு முறை அனுப்பப்பட்டு இரண்டு முறையும் திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். அந்த உறையை எடுத்துக் காட்டினார்கள். 'இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை' என்ற பொருளில் அதன்மேல் ஒரு வில்லை ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே 'மதாம்' என்று தொடங்கி அப்பாவின் பெயர்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிய அட்டையில் அப்பாவின் பெயரைப் பெரிய எழுத்துகளில் எழுதினேன். எழுதும்போது கை சற்று நின்றது. அப்பா முப்பத்தோரு ஆண்டுகள் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனையின் குலை வெட்டியவர். வெட்டிய ஒவ்வொரு குலையின் காம்பிலும் வெட்டியவரின் எண்ணை எழுதிச் சாலையோரம் அடுக்கி வைப்பது தோட்டத்து வழக்கம். கணக்கெடுப்பவர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் கூலியைப் பதிவார். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு உதிரிப் பழம் பொறுக்கப் போகும் நாள்களில், பச்சைக் காம்பின் வெட்டுவாயில் நீலமாக எழுதியிருந்த அந்த எண்ணைத் தடவிப் பார்த்திருக்கிறேன். ஈரத்தில் மை சற்றுப் பரவியிருக்கும். அப்பாவின் பெயர் எங்கேயும் எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை, என் அடையாள ஆவணங்களில் என் பெயரை அடுத்து வருவதைத் தவிர. அந்தப் பெயரை இப்போது அவர் கண்டிராத ஊரின் ஒரு வாசலில் நானே ஒட்டிக்கொண்டிருந்தேன்.

மற்ற காரியங்கள் பொறுமை இருந்தால் முடிந்துவிடுகின்றன. நீண்டகால விசாவோடு போகிறவர்கள், போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதை இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். பிறப்புச் சான்றிதழ் மலாயில் இருப்பதால், உறுதிமொழி ஏற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்துப் பிரெஞ்சில் மாற்ற வேண்டும். வாடகைக்கு வீடு எடுக்க அங்கே பிணை நிற்க ஆள் கேட்பார்கள். 30 வயது வரை உள்ளவர்களுக்கு 'விசால்' என்ற இலவசப் பிணைத் திட்டம் உதவும். சமூகப் பாதுகாப்பு எண் மட்டும் என் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. நம் அடையாள அட்டை எண்ணில் பிறந்த நாளை அடுத்துச் சிலாங்கூரைக் குறிக்கும் 10 வருமே, அதுபோல அங்கும் பெண் என்பதற்கு 2, பிறகு பிறந்த ஆண்டும் மாதமும், அதன்பின் பிறந்த மாவட்டம் என்று வரிசையாக வரும். வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு மாவட்டத்தின் இடத்தில் 99. மருந்துக்கடையில் பச்சை நிறச் சுகாதார அட்டையை நீட்டும்போதெல்லாம், நான் எங்கிருந்தோ வந்தவள் என்பதை அந்த 99 முதலில் சொல்லிவிடும். இப்போது அது என்னை உறுத்துவதில்லை. வந்தவள்தானே நான்.

வகுப்பைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். முதல் நாள் கரும்பலகையில் முழுப்பெயரையும் எழுதி, எப்படி வேண்டுமானாலும் அழையுங்கள் என்றேன். அவர்கள் 'மதாம்' என்று சொல்லி அப்பாவின் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். முருகனின் பெயர்களில் ஒன்று அது. கடைசியில் வரும் 'ன்' அவர்கள் மூக்கில் ஏறிக் கரைந்துவிடும். நடுவில் வரும் 'ர' தொண்டைக்குள் உரசிக்கொண்டு வரும். முதல் வாரங்களில் அப்படி அழைத்ததும் நான் திரும்பிப் பார்க்கவில்லை, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன்.

அந்த மாணவர்கள் பேச மாட்டார்கள். இலக்கணம் தெரியும், கட்டுரை ஒழுங்காக எழுதுவார்கள், ஆனால் வாயைத் திறக்கச் சொன்னால் தலை குனிந்துவிடும். அங்கே மதிப்பெண் 20க்குத் தரப்படுகிறது. முழு 20 என்பது அபூர்வம். தவறுக்குக் குறையும் மதிப்பெண்ணைப் பார்த்தே வளர்ந்தவர்கள், தவறாகப் பேசுவதைவிடச் சும்மா இருப்பது மேல் என்று பழகியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கூச்சம், ஆர்வமில்லை என்று சக ஆசிரியர்கள் விளக்கினார்கள். எனக்கு அந்த அமைதி வேறு விதமாகத் தெரிந்தது. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்பில் போய் உட்கார்ந்தபோது, மலாயில் ஒரு சொல் பிசகினால் பின்வரிசை திரும்பிப் பார்க்குமே என்ற பயத்தில் ஓர் ஆண்டு முழுவதும் நான் வாய் திறக்காமல் இருந்திருக்கிறேன். கேட்டால் தெரியாது என்று தலையாட்டுவேன், தெரியும். அந்தப் பிள்ளையை எப்படிப் பேச வைத்திருக்கலாம் என்று யோசித்து, அதையே புவாத்தியேயில் செய்தேன். பேசும் நேரத்துக்கு மதிப்பெண் கிடையாது என்று முதலில் அறிவித்தேன். இருவர் இருவராக உட்கார வைத்து, நான் சன்னலோரம் போய் நின்றுகொண்டேன்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு 'ஹ' ஒலி எளிதில் வராது. பசிக்கிறது என்று சொல்ல வேண்டிய 'ஹங்ரி', கோபமாக இருக்கிறேன் என்ற 'ஆங்ரி'யாகிவிடும். அதைத் திருத்த, எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்ததும் நலமா என்று கேட்பதற்கு முன்பே பசியாறியாச்சா என்று கேட்போம் என்று சொல்லிக்கொடுத்தேன். மறுவாரம் வகுப்புக்குள் நுழைந்தபோது, அதுவரை ஒரு சொல்லும் பேசாத ஒரு மாணவி, 'ஹ'வை மூச்சு முழுவதும் சேர்த்து ஊதி, "மதாம், ஆர் யூ ஹங்ரி?" என்று கேட்டாள். அந்த ஆண்டில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய வணக்கம் அது.

அவர்கள் மொழியில் நான் தடுமாறாத இடமும் ஒன்று உண்டு. 'தூ', 'வூ' என்று நீ, நீங்கள் வேறுபாட்டைப் பிரெஞ்சில் கவனமாகக் காப்பாற்றுவார்கள். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த சக ஆசிரியர் ஒருவர் யாரிடம் எதைச் சொல்வது என்று மாதக்கணக்கில் குழம்பினார். பெரியவர்களிடம் 'நீ' வாயில் வராமல் வளர்ந்தவளுக்கு அதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை.

பூ விஷயத்தில் தவறினேன். 2024ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது. அந்த வாரம் முழுவதும் கடை வாசல்களில் தொட்டி தொட்டியாகச் சாமந்தி அடுக்கியிருந்தார்கள், மஞ்சளும் வெள்ளையும் கருஞ்சிவப்புமாக. சாமிக்கு மாலை கட்டும் பூ இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே என்று நெஞ்சு நிறைந்து, எனக்கு ஒன்றும் கீழ்வீட்டு அம்மையாருக்கு ஒன்றும் வாங்கினேன். முறுக்கும் ஒரு தொட்டிச் சாமந்தியும் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தபோது, அவர் முகம் ஒரு கணம் மாறியது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். நவம்பர் 1 அன்று பிரான்சில் எல்லோரும் கல்லறைக்குப் போகிறார்கள் என்பதும், சாமந்தி அங்கே இறந்தவர்களுக்கு மட்டுமே வைக்கும் பூ என்பதும் எனக்கு அன்றிரவு ஒரு சக ஆசிரியையிடமிருந்துதான் தெரிந்தது. மறுநாள் காலை மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கோட் அணிந்து, அந்தத் தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். கணவருக்கு இந்த ஆண்டு இன்னும் பூ வாங்கவில்லை, நீங்களும் வருகிறீர்களா என்று கேட்டார். போனேன். குளிரில் அந்தக் கல்லறை முழுவதும் திருவிழாக் கடைபோல் பூத்திருந்தது.

ஒருநாள் வகுப்பில் செம்பனை எண்ணெய் பற்றிய விவாதம் வந்தது. பிரான்சில் அதற்கு நல்ல பெயர் இல்லை; 'செம்பனை எண்ணெய் சேர்க்கப்படவில்லை' என்று பிஸ்கட் பொட்டலத்திலேயே அச்சடித்து விற்கிறார்கள். காடுகள் அழிந்ததைப் பற்றி மாணவர்கள் சொன்னது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்த மரத்தை மலாயாவில் முதன்முதலில் வணிகத் தோட்டமாக நட்டவர் யார் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. 1917இல், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில் அதை நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். புவாத்தியேக்குத் தெற்கே, பார்பெசியூவில் 1879இல் பிறந்தவர். தோட்டத்துக்கு இருப்பது தமிழ்ப் பெயர், உழைத்தவர்களில் எங்கள் முன்னோர் உண்டு என்று படத்தில் காட்டிச் சொன்னபோது வகுப்பு நீண்ட நேரம் பேசியது, ஆங்கிலத்தில், தவறுகளோடு, என்னைப் பாராமல். பார்பெசியூ ஊர்க்காரன் ஒருவன் கடைசியாக எழுந்து, உங்கள் அப்பா அந்த மரத்தில் ஏறுவாரா என்று கேட்டான். ஏறுவதில்லை, நீண்ட கழியின் முனையில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து இழுப்பார், கழுத்து வலியோடு இரவில் படுப்பார் என்றேன்.

அப்பாவோடு பேச, குளிர்காலத்தில் ஏழு மணி நேர வித்தியாசம். நான் வேலைக்குக் கிளம்பும் இருட்டில் அங்கே அவர் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருப்பார். அஞ்சல் பெட்டிச் செய்தியைச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. இந்த முறை வரும்போது வரி அலுவலகத்திலிருந்து வந்த உறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரூமியில், அதாவது ரோமன் எழுத்தில், இருந்த தன் பெயரை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் படித்தார். பிறகு அதை மடிக்காமல் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார்.

ஆகஸ்டு இறுதியில் இரண்டாம் ஆண்டுக்குத் திரும்புகிறேன். வீடு மாறுகிறேன், அதே தெருவில், சற்றுப் பெரிய அறை. புதிய பெட்டிக்குப் பெயரட்டை வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். இன்று காலை அப்பா ஒரு வெள்ளை அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நீல மையில், காம்பில் எண் எழுதிய அதே அழுத்தமான கையெழுத்தில், மேலே ரூமியில் அவர் பெயர். கீழே தமிழில் என் பெயர். அஞ்சல்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதேப்பா என்றேன். மேல்வரி அவருக்கு, கீழ்வரி உனக்கு என்றார்.